ராத்திரிப் பசிக்குக் காலையிலேயே காரணம் இருக்கிறது

நின்றுகொண்டே சாப்பிடுவதுதான் என்னிடம் இதன் முதல் அடையாளம். தட்டு கிடையாது. விளக்குகூடப் போடுவதில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்திலேயே ஒரு டப்பாவை எடுத்து, மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு வாய். மூடி வைத்துவிட்டு ஹால்வரை போவேன். திரும்பி வருவேன். அடுத்து பிஸ்கட் பாக்கெட். ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பசி இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை போகும்.

இதற்கு வீட்டில் வைத்த பெயர் 'வாய்க்கட்டு இல்லை'. கேட்டுக் கேட்டு நானும் அதையே நம்பினேன். ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசியில் இது தலைதூக்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில் கேட்கவே வேண்டாம். லீவு போட்டு வீட்டில் இருக்கும் வாரத்தில் அதே பிஸ்கட் பாக்கெட் அதே அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும். வாய்க்கட்டு இல்லாத ஆளுக்கு லீவில் மட்டும் அது எங்கிருந்து வந்தது?

தூக்கம் சரியில்லை என்று ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன். கலோரிக் கணக்கு, எடை எதையும் அவர் கேட்கவில்லை. "என்ன சாப்பிட்டீங்கன்னு எழுத வேண்டாம். சாப்பிடறதுக்கு முன்னாடி அன்னைக்கு என்னென்ன நடந்ததுன்னு எழுதுங்க" என்றார். கடைசியாக எப்போது உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டேன், முந்தின ராத்திரி எவ்வளவு தூங்கினேன், அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் யாரிடம் என்ன பேசினேன். இவ்வளவுதான்.

பெரிய துக்கம், பெரிய கோபம் என்று ஏதாவது எழுதப்போகிறேன் என்று நினைத்துத்தான் நோட்டை வாங்கினேன். கொஞ்ச நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. 'மதியம் சாப்பிடவில்லை, மீட்டிங்.' 'மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னார், பதில் பேசவில்லை.' 'நாலு மணி நேரத் தூக்கம்.' 'எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இப்போதுதான் எனக்கென்று நேரம்.' இந்த நான்கும்தான் திரும்பத் திரும்ப வந்தன. கடைசியில் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். அதில் வருத்தமே இல்லை. நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக ஓடிவிட்டு, 'இது எனக்கு' என்று எடுத்துக்கொள்ள அந்த நேரத்தில் கைக்கு எட்டியது பிஸ்கட் பாக்கெட் ஒன்றுதான்.

வயிற்றுப் பசிக்கும் மனப்பசிக்கும் வித்தியாசம் சொல்லும் பட்டியலை நீங்களும் படித்திருப்பீர்கள். வயிற்றுப் பசி மெல்ல மெல்ல ஏறும், எதைக் கொடுத்தாலும் சரி என்னும், வயிறு நிறைந்ததும் அடங்கும். மனப்பசி சட்டென்று வரும், இன்னதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும், சாப்பிட்டு முடித்ததும் குற்ற உணர்வில் கொண்டுபோய் விடும். தப்பில்லை, ஆனால் பாதிதான் உதவும். வாழ்க்கையில் இவை தனித்தனியாக வருவதே அபூர்வம். மதியம் பட்டினி கிடந்தவளுக்கு ராத்திரி பத்து மணிக்கு வருவது எந்தப் பசி என்று யார் பிரித்துச் சொல்வது?

மனஅழுத்தத்தில் சிலருக்குச் சாப்பாடே இறங்காது, சிலருக்கு வாய் ஓயாது. இரண்டும் உண்மை. திடீரென்று ஒரு பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரந்து பசியை அடக்கிவிடும். அதே அழுத்தம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவு உயர்ந்தே இருக்கும். அது பசியைக் கூட்டும், அதுவும் இனிப்பையும் கொழுப்பையும் தேட வைக்கும். அதனால்தான் தேர்வு ஹாலுக்கு வெளியே நிற்கும்போது தொண்டையில் எதுவும் இறங்காத அதே பிள்ளை, தேர்வுக்குப் படிக்கும் மாதம் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கிறது.

தூக்கத்துக்கு வருகிறேன். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேர். இரண்டு இரவுகள், இரவுக்கு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கை. அதற்கே, வயிறு நிறைந்த செய்தியைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. பசியும் கூடுதலாக இருந்ததாக அவர்களே சொன்னார்கள். 12 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் என் நோட்டில் 'நாலு மணி நேரத் தூக்கம்' என்று எழுதிய நாட்களைப் பார்த்தபிறகு எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் முதலில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அது டயட்.

என் வழக்கம் இப்படித்தான் இருந்தது. ராத்திரி கூடுதலாகச் சாப்பிட்டேனா, மறுநாள் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவேன். மதியம் பேருக்கு ஏதோ. சாயங்காலம்வரை பெருமையாக இருக்கும். ராத்திரி எல்லாம் உடைந்துவிடும். மறுநாள் மறுபடியும் கறார். 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை வைத்து நடத்திய பட்டினிப் பரிசோதனையைப் பற்றிப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆட்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்வாசி போய்விட்டது. அதைவிட முக்கியம், அவர்கள் மனசு போன இடம். எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு, சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பது, தட்டை நக்குவது. பட்டினி முடிந்து விருப்பம்போல் சாப்பிடலாம் என்றானபோது, வயிறு கொள்ளாத அளவு சாப்பிட்டும் சிலருக்குத் திருப்தி வரவில்லை. யாரும் அவர்களை வாய்க்கட்டு இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. உடம்பைப் பட்டினி போட்டால் மனசு சாப்பாட்டைச் சுற்றியே வரும், அவ்வளவுதான்.

அப்புறம் 1975இல் வந்த ஐஸ்கிரீம் ஆய்வு. உளவியலாளர் பீட்டர் ஹெர்மனும் அவருடன் இருந்தவரும் செய்தது. முதலில் சிலருக்கு மட்டும் மில்க் ஷேக், பிறகு எல்லோருக்கும் ருசி பார்ப்பதற்கென்று ஐஸ்கிரீம். டயட் கவலை இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்தபிறகு ஐஸ்கிரீமைக் குறைவாக எடுத்தார்கள், இயல்புதானே. எப்போதும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பவர்கள் மில்க் ஷேக் குடித்தபிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'சரி, கெட்டது கெட்டாச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்' என்று நாம் சொல்வோமே, அதேதான். எனக்கு இரண்டாவது பிஸ்கட்டில் வரும் வாசகம் அது. அதற்கப்புறம் பாக்கெட் மிஞ்சாது.

ஆகவே நான் முதலில் கை வைத்தது ராத்திரியில் அல்ல, காலையில். முந்தின நாள் என்ன ஆகியிருந்தாலும் சரி, காலைச் சாப்பாடு உண்டு. மதியம் மீட்டிங் இருந்தால் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது. சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்முன் ஏதாவது கொஞ்சம். பகலில் கூடுதலாகச் சாப்பிட ஆரம்பிக்கிறோமே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி வேகத்தில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது. வேறு எந்த வித்தையும் எனக்கு இவ்வளவு கைகொடுக்கவில்லை.

மிச்சப் பாதிதான் மனசு. அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் படிப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள்.

பதினாறு வயசு. வந்து கொஞ்ச நாளில் அக்காவிடமிருந்து போன். "அங்கேயும் கண்டதையும் தின்னுக்கிட்டு இருக்காளா? கொஞ்சம் கண்டிச்சு வை." நான் பார்த்தவரை அவள் எதுவுமே சாப்பிடுவதில்லை. காலையில் "லேட்டாயிடுச்சு சித்தி" என்று ஓடுவாள். டிபன் பாக்ஸ் மூடி திறக்காமலே திரும்பி வரும். அப்புறம் ஒருநாள் மெத்தை உறையை மாற்றும்போது, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் சிப்ஸ், சாக்லேட் உறைகள். ஒவ்வொன்றும் சின்னதாக, சத்தம் வராதபடி இறுக்கி மடித்தது. பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்று பிரிப்பாளாம். இது பிறகு அவளே சொன்னது.

உறைகளை எடுத்து அவள் முன்னால் வைத்து விசாரிக்கவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்று ஆகிவிட்டால் அடுத்த தடவை இன்னும் ஆழமாக ஒளிப்பாள்; என் அனுபவமே அதற்குச் சாட்சி. சாயங்காலம் நடக்கப் போகும்போது கூட வரச் சொன்னேன். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அந்த வயசுப் பிள்ளைகளுக்கு அது பெரிய சௌகரியம். அவளைப் பற்றி எதுவும் கேட்காமல் என் ஃப்ரிட்ஜ் கதையைச் சொன்னேன். விளக்குப் போடாமல் சாப்பிடுவது, மூடியைக் கக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாம். முதலில் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "எனக்கும் பசிக்கவே இல்ல சித்தி. ஆனா நிறுத்த முடியல" என்றாள்.

கதை மெல்ல மெல்ல வந்தது. ஒரு விசேஷத்தில் உறவுக்காரர் ஒருவர் "என்னம்மா, இப்படி உடம்பு போட்டுட்ட?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். வகுப்பில் ஒருத்தி அவள் போட்டோவுக்குக் கீழே ஏதோ எழுதியிருக்கிறாள். அன்றிலிருந்து காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை என்று முடிவு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கை நடுங்குகிற பசி. 'பசிக்கவே இல்ல' என்று அவள் சொன்னாளே, அது எனக்கு அங்கேதான் உடைந்தது. அவளுக்குப் பசித்தது. வளர்கிற வயசு, நாள் முழுக்கப் பட்டினி, அதன்மேல் அவமானம். இரண்டும் சேர்ந்து வந்ததால் பசியைப் பசி என்றே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்காவிடம் பேசுவதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அவகிட்ட எடைப் பேச்சை மட்டும் விட்டுடுக்கா."

"நல்லதுக்குத்தானே சொல்றேன்? நம்ம அம்மா சொல்லாததா? நாம நல்லா இல்லையா?"

"நான் நல்லா இல்லக்கா. ராத்திரி பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ்கிட்ட நிக்கிறேன்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நானும்தான்" என்றாள்.

இது எங்கள் வீட்டு அபிப்பிராயம் மட்டும் இல்லை. வளரிளம் பருவத்தினரின் உடல் பருமனையும் உணவுக் கோளாறுகளையும் சேர்த்தே தடுப்பது எப்படி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டயட் இருக்கச் சொல்லாதீர்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள், கேலி செய்யாதீர்கள், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்பதே அதன் சாரம். பிள்ளையின் உடம்பைப் பற்றி மட்டுமல்ல, பெற்றோர் தங்கள் உடம்பைத் தாங்களே குறைசொல்வதும் எடைப் பேச்சுதான். கண்ணாடி முன்னால் நின்று 'குண்டாயிட்டேன்' என்று நான் தினமும் சொல்வதை இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதையும் நிறுத்தினேன்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. அவள் பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கியதும், கேள்வி எதுவும் கேட்கும்முன் ஒரு தட்டில் சாப்பாடு. நொறுக்குத்தீனியாக அல்ல, வயிறு நிறையும்படி. அலமாரியைப் பூட்டவில்லை, சிப்ஸும் சாக்லேட்டும் வீட்டில் இருந்தன, ஆனால் வந்ததும் கண்ணில் படுகிற மேஜைமேல் இல்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், ஒரே நிபந்தனை: தட்டில் போட்டு, உட்கார்ந்து, எங்களோடு. ஒளித்துத் தின்பதற்கு அவசியமே இல்லாமல் போக வேண்டும் என்பதுதான் யோசனை. நல்ல மார்க் வாங்கினால் இனிப்பு, கெட்ட மார்க் வாங்கினால் இனிப்பு கிடையாது என்ற வழக்கத்தையும் விட்டோம். சாப்பாட்டைப் பரிசாகவும் தண்டனையாகவும் வைத்தால், மனசு சரியில்லாதபோது தனக்குத்தானே பரிசு கொடுத்துக்கொள்ளத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ராத்திரி பதினொன்றுவரை போன். அதில் நான் முழுதாக ஜெயிக்கவில்லை. பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே இயற்கையாகத் தள்ளிப்போகிறது, பள்ளி நேரமோ தள்ளிப்போவதில்லை. 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள். எந்த வீட்டில் நடக்கிறது? போனை ஹாலில் சார்ஜ் போடுவது என்று எனக்கும் சேர்த்து ஒரு விதி வைத்ததில் கொஞ்சம் முன்னேற்றம்.

இவ்வளவுக்கும் பிறகும் உந்துதல் வரும். அப்போது என்ன செய்வது? பலரும் சொல்லும் 'தண்ணீர் குடி' எனக்கு உதவவில்லை. சாக்லேட் கேட்கும் மனசுக்கு வெள்ளரிக்காயைக் கொடுத்தால், வெள்ளரிக்காயையும் தின்றுவிட்டு சாக்லேட்டையும் தின்னும். எனக்கு உதவியவை இரண்டு.

ஒன்று, பத்து நிமிடம் தள்ளிப்போடுவது. கூடாது என்று தடுப்பதில்லை. பத்து நிமிடம் கழித்தும் வேண்டுமென்றால் நிஜமாகவே சாப்பிடலாம். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையில், உந்துதலை அலையாகப் பார்க்கச் சொல்கிறார்கள்: எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். அதோடு சண்டை போடாமல் கவனித்துக்கொண்டிருப்பது. சில நாள் இறங்கிவிடும். இறங்காத நாளில் உட்கார்ந்து, தட்டில் போட்டு, ருசித்துச் சாப்பிடுவேன். அதுவும் தோல்விக் கணக்கில் சேராது.

இரண்டாவது, என்ன உணர்ச்சி என்று வாய்விட்டுச் சொல்வது. 'மனசு சரியில்லை' போதாது. 'மேலதிகாரி சொன்னதுக்குப் பதில் சொல்லாம வந்துட்டேன், அவமானமா இருக்கு.' 2007இல் மாத்யூ லீபர்மன் குழு செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சி காட்டும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. அக்கா மகளோடு இதை ஒரு விளையாட்டாகவே செய்கிறோம். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன?" என்பேன். "கடுப்பு" என்பாள். "எந்தக் கடுப்பு?" அதற்குப் பதில் வருவதற்குள் சில நாள் அழுகை வந்துவிடும். அழுது முடித்தால் சிப்ஸ் ஞாபகமே இருக்காது. சலிப்பு என்றால் கதை வேறு. சலிப்புக்குப் பேச்சு உதவாது, கைக்கு வேலை வேண்டும். அவள் படம் வரைகிறாள்.

மனசு சரியில்லாதபோது பிடித்ததைச் சாப்பிடுவதே பாவம் என்று நான் நினைப்பதில்லை. அது எல்லோரும் செய்வதுதான். எது வந்தாலும் அது ஒன்றுதான் மருந்து என்று ஆகும்போதுதான் பிரச்சினை. 2014இல் அதே மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு முடிவு எனக்கு ஆறுதலாக இருந்தது. மனசைக் கஷ்டப்படுத்தும் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டி, சிலருக்கு அவர்களுக்கு ஆறுதல் தரும் உணவு, சிலருக்கு வேறு உணவு, சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சில நிமிடங்களில் எல்லோர் மனநிலையும் ஏறக்குறைய ஒரே அளவு தேறிவிட்டது. சாக்லேட்தான் நம்மைத் தேற்றியது என்று நினைக்கிறோம். பெருமையில் பாதிக்குமேல் நேரத்துக்குப் போக வேண்டியது.

ஆனால் எல்லாமே வீட்டிலேயே தீரக்கூடியது அல்ல. குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, வேகமாக விழுங்குவது, வயிறு வலிக்கும்வரை போவது, வெட்கத்தில் தனியாகச் சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே அருவருப்பு. இவை சராசரியாக வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் நீடித்தால் அது 'பிஞ்ச் ஈட்டிங்' கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013 முதல் இது தனி நோயாகவே இருக்கிறது. இதற்கென்று அமைந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. சாப்பிட்டபிறகு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மயக்கம், மாதவிலக்கு நின்றுபோவது, உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இதில் ஏதாவது இருந்தால் மூன்று மாதம் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே போகவேண்டும். பிள்ளையிடம் நேராகவே கேட்கலாம். நான் கேட்டேன். "இல்ல சித்தி, அந்த அளவுக்குப் போகல" என்றாள். ஆனாலும் ஆலோசகரிடம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு விஷயம். 'எடை கூடுகிறது' என்று மட்டும் ஆரம்பித்தால் பெரும்பாலும் டயட் சார்ட்டோடுதான் வெளியே வருவீர்கள். எங்கள் வீட்டில் எல்லாம் ஆரம்பித்ததே அதில்தான். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, 'ஒளித்துச் சாப்பிடுகிறேன், ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, பகலில் பட்டினி இருக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். வாயில் வரவில்லை என்றால் நோட்டை அப்படியே நீட்டுங்கள். அக்கா அப்படித்தான் செய்தாள்.